எலும்பும் காத்தும்

அன்றைக்கு இல்லத்தின் பின்தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். இல்லத்தை நடத்திய வெள்ளைக்கார அம்மாள், நாங்கள் மிஸ்ஸம்மா என்று கூப்பிடுகிறவர், நாற்காலியில். கம்பவுண்டர், எடைக்கற்களுக்குப் பக்கத்தில். வார்டு ஆட்கள் இரண்டு பேர், தூண் ஓரமாக. தோல் தரகர் பாய், தராசில், தரைக்கு ஒரு முழம் மேலே, கித்தான் தொட்டிலில். அவருக்குப் பின்னால் தொட்டிலைப் பிடித்தபடி, நான் யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தேனோ அந்த மனிதர். ஏழாவது நான். கையில் எடைப் புத்தகம், சட்டைக்குள்ளே இடுப்பில் வேறொருவருடைய தோல் பட்டை.

ஏழு பேரில் மூன்று பேர் அன்று திருட்டுத்தனம் செய்தோம். ஒருவர் கண்டுபிடித்தார். மிச்சம் மூன்று பேர் சாட்சி.

அந்த மனிதரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய மகள் பிள்ளைகள் திருப்பத்தூரில் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாராவது என் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வது என்று எழுதுவதற்கு முன்பே மூன்று நாள் யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. அதனால் பெயரை விட்டுவிட்டேன். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். அவர் என்னை "எழுத்து" என்பார். எழுதுகிற வேலை பார்த்ததால் அந்தப் பெயர். எழுத்து நன்றாக இருந்ததால் அல்ல.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பரீட்சையில் தேற மாட்டேன் என்று நானே தீர்மானித்து, முடிவு சொல்வதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். தேறிவிட்டான், வரச் சொல்லுங்கள் என்று வாத்தியார் ஆள் அனுப்பினார். அடிப்பதற்காக ஏமாற்றிக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அத்தை வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு வாரம் இருந்தேன். பிறகு ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், கணக்கெழுதப் போனேன். பச்சைத் தோலிலிருந்து மனிதனுக்கு ஒரு கொப்புளம் தொற்றும், கறுத்துப்போய் மூன்று நாளில் ஆளை முடித்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து எந்தக் கொசு கடித்தாலும் மூன்று நாள் எண்ண ஆரம்பித்தேன். வீட்டில் என் சம்சாரத்துக்குப் பொறுக்கவில்லை. "ஆபத்தே இல்லாத எடமா பாத்துப் போயேன்" என்றாள்.

அப்படித்தான் ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றைப் பார்த்தபடி இருந்த அந்த இல்லத்துக்கு வந்தேன். எழுந்து நடக்க முடியாத ஆண்களுக்கு இருபத்திரண்டு கட்டில். படுத்தே கிடக்கிறவர்கள் யாரை என்ன செய்துவிடப் போகிறார்கள்? உலகத்திலேயே பத்திரமான உத்தியோகம் என்று நினைத்தேன்.

முதல் வாரம் ஒரு வார்டு ஆள் ஒத்தடத்துக்கு வெந்நீர் எடுத்து வரும்போது ஈரத்தரையில் வழுக்கி, முழங்கை வரை வெந்துபோனான். இன்னொருவனுக்குக் கார்பாலிக் மருந்துத் தண்ணீரில் துணி அலசி அலசி விரல் நுனிகள் வெள்ளையாக உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டான். எட்டாம் கட்டில் பெரியவர், தன்னை யாரோ திருடிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து, புரட்டிப் போட வந்தவர் முன்கையைக் கடித்துவிட்டார். கடிபட்டது அண்ணன்.

"ரெண்டே பல்லு" என்று கையைக் காட்டினார் என்னிடம். "ஆனா இன்னா அழுத்தம் பாத்தியா? இன்னும் பத்து வருஷம் இருப்பாரு."

எனக்கு என் கை வலித்தது. விஷக்கடிக்கு மருந்து கட்டுகிறவர் பக்கத்தில் யார் என்று விசாரித்தேன்.

"டேய் எழுத்து, கடிச்சது பெரியவருடா. பாம்பு இல்ல."

அண்ணனும் என்னைப் போலவே தோல் ஷாப்பிலிருந்து வந்தவர். நான் திண்டில் சாய்ந்து கணக்கெழுதினேன். அவர் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் தூக்கினார். இருபது வருஷம். ஊறிய எருமைத் தோல் ஒன்றைக் குழியிலிருந்து எடுப்பதென்றால் எப்படி என்று எனக்கு ஒருதரம் செய்தே காட்டினார், ஈரக் கம்பளியை வைத்து. "இழுக்கக் கூடாது. இழுத்தா கிழியும். குனிஞ்சி மார்போட அணைச்சிக்கணும், அப்புறம் முட்டியால எழுந்திருக்கணும்." கட்டிலில் கிடக்கிறவர்களையும் அப்படித்தான் தூக்குவார். வயசான தோலும் இழுத்தால் கிழிகிற தோல்தான். அவர் வார்டில் யாருக்கும் படுக்கைப்புண் வந்து நான் எழுதியதில்லை.

தூக்கும்போது அவர் வாயிலிருந்து வருவது எப்போதும் ஒரே பேச்சு. "இன்னா கீது உங்ககிட்ட? எலும்பும் காத்தும்தான். ஒழுங்கா சாப்புடறீங்களா இல்லியா?"

உண்மையிலேயே எலும்பும் காற்றுமாக இருந்தவர்களிடமும் இதைத்தான் சொல்வார். மூன்று பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாதவர்களிடமும் இதைத்தான் சொல்வார். தூக்கப்படுகிறவர் முகம் அந்த நேரத்தில் கொஞ்சம் நிமிரும். நான் பார்த்திருக்கிறேன். ஊரில் பத்துப் பேருக்குச் சோறு போட்ட மனுஷன், இப்போது இடுப்புக்குக் கீழே இன்னொருவன் கழுவிவிடக் கிடக்கிறான். அவனிடம் வந்து, உன்னைத் தூக்குவது ஒரு வேலையே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒருமுறை. புதிதாக வந்த வார்டு ஆள், ஒரு நோயாளியைத் தூக்கிக் கட்டிலில் விட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்றான். அண்ணன் அவனைக் கையைப் பிடித்துக் கிணற்றடிவரை இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னா சொன்ன?"

"இன்னாண்ணே சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே."

"அப்பாடான்ன."

"பாரமா இருந்திச்சி, வந்துட்ச்சி."

"வந்தா இங்க வந்து சொல்லு. கெணத்துக்கிட்ட சொல்லு. அங்க சொல்லாத. அவுரு காதுல வுழும்."

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் நோயாளியைத் தூக்கி வைத்துவிட்டு, முகம் சிவக்க, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒன்றுக்குப் போகிறவர்கள் மாதிரி கிணற்றடிக்கு ஓடுவார்கள். அங்கே போய் ஒரு பெரிய அப்பாடா. மிஸ்ஸம்மா ஒருதரம் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, ஏன் எல்லாரும் கிணற்றோடு பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்டார். காற்று நன்றாக வருகிறது என்றேன்.

அண்ணன் கிணற்றடிக்குப் போனதில்லை. அவர் போனது சாமான் அறைக்கு. மத்தியானக் கஞ்சி கொடுத்து முடிந்ததும் அங்கே கடப்பைக்கல் தரையில் மல்லாக்கப் படுத்திருப்பார். கண் திறந்திருக்கும். அப்படி அவரை முதலில் பார்த்தபோது செத்துவிட்டார் என்று நினைத்துக் கத்தினேன்.

"கத்தாதடா. ஓடு எண்றேன்."

"எதுக்குண்ணே?"

"மிஸ்ஸம்மா கேட்டாங்க. மழைக்கு முன்னாடி மாத்தணுமாம்."

"எத்தினி?"

"நானூத்துப் பதினாறு."

நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், கணக்குத் தப்பாக இருந்தால் என் தலையில் விழுமே என்ற பயத்தில், அவர் போன பிறகு நானும் படுத்து எண்ணினேன். முன்னூற்று எண்பத்தெட்டு. ஓடிப்போய்ச் சொன்னேன். "நேத்து ராத்திரி பூனை ஓடிச்சி. கொஞ்சம் வுழுந்திருக்கும்" என்றார் முகம் மாறாமல். அவர் தினமும் ஓடு எண்ணினார். ஒரு மனுஷன் ஏன் தினமும் ஒரே கூரையை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உலகத்தில் நடக்காததையெல்லாம் நினைத்துப் பயப்படுகிற எனக்கு, கண்ணெதிரே நடந்தது மட்டும் தெரியவில்லை.

இடுப்பு போன ஆள் என்று தெரிந்தால் அவருக்கு அங்கே இடம் கிடையாது. தூக்க முடியாதவனுக்கு அந்த இல்லத்தில் வேறு வேலை இல்லை. கம்பவுண்டர் பத்திரிகை படிக்கிறவர். ஆலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு கொடுக்கச் சட்டம் வந்திருக்கிறது என்று ஒருதரம் சொன்னார். நாங்கள் ஆசையாக, நமக்கும் உண்டா என்று கேட்டோம். சிரித்தார். இயந்திரத்தில் கை போனால் காசு, மனுஷனைத் தூக்கி இடுப்பு போனால் புண்ணியம் என்றார்.

தரகர் பாய் வந்தது அந்த வருஷம் மழைக்கு முன்னால். முப்பது வருஷம் தோல் மண்டியில் தரகு பார்த்தவர். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. குடியாத்தத்திலிருந்து தங்கை மகன் மாட்டு வண்டியில் கொண்டுவந்தான். மாட்டைக்கூட அவிழ்க்காமல், இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். பாய் வண்டி போன திசையைப் பார்க்கவில்லை. அண்ணன் குனிந்து அவரை மார்போடு அணைத்துத் தூக்கினார். "இன்னா பாய், எலும்பும் காத்தும்தான் கீது!" என்றார். பாய் ஆள் எப்படி என்றால், அவர் உட்கார்ந்து வந்த இடத்தில் வண்டியின் வைக்கோல் தகடாக நசுங்கிப்போயிருந்தது.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். எட்டு வீசை ஒரு மணங்கு. ஐந்து மணங்குக்கு உட்பட்டவர் "ஒரு ஆள் தூக்கு". அதற்கு மேலே போனால் "ரெண்டு ஆள் தூக்கு". இருக்கிற ஆட்களை வைத்து ரெண்டு ஆள் தூக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லத்தால் பார்க்க முடியாது. அந்த இரண்டு கட்டிலும் நிறைந்திருந்தன. அதற்கு மேல் வந்தால் வந்த வழியே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பாய்க்கு வீடு என்றால் அந்தத் தங்கை மகன்தான்.

அதுவரை எடை என்பது கண்ணால் பார்த்துச் சொல்வதுதான். அண்ணன் "ஒரு ஆள்" என்று சொல்வார், நான் எழுதுவேன். அந்த மாதம் ஒரு தோல் ஷாப்பு முதலாளி புதுத் தராசு வாங்கி, பழையதை இல்லத்துக்குத் தருமமாகக் கொடுத்துவிட்டார். தோல் நிறுக்கிற பெரிய தராசு. மிஸ்ஸம்மாவுக்கு ஏக சந்தோஷம். ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, அங்கே கித்தான் தொட்டில் கட்டினோம். மாதம் ஒருமுறை எல்லோரையும் நிறுத்து எழுத வேண்டும் என்று உத்தரவு.

முதல் தடவை பாயைத் தொட்டிலில் வைத்ததும் அண்ணன் பின்னால் போய் நின்று, ஆடாமல் இருக்கத் தொட்டிலைப் பிடித்துக்கொண்டார். கம்பவுண்டர் கற்களை வைத்தார். தராசுக் கோல் மெதுவாக நேராக நின்றது.

"நாலு மணங்கு ஆறு வீசை."

பாயின் சரீரம் கித்தானுக்கு வெளியே இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கண் ஏமாற்றும், இரும்பு ஏமாற்றாது என்று நினைத்தேன். நாலு மணங்கு ஆறு வீசை, ஒரு ஆள் தூக்கு என்று என்னால் முடிந்த அழகோடு எழுதி, கீழே கோடும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணன் ஓடு எண்ணப் போயிருந்தார். பாய் அவசரமாகக் கூப்பிட்டார். கமோடு நாற்காலிக்குப் போக வேண்டும். யாராவது வருகிறார்களா என்று வாசலுக்கு மூன்று தரம் ஓடினேன். பாய் முகம் போன போக்கைப் பார்த்தால் நாலாவது தரம் ஓட நேரமில்லை. எடைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நாலு மணங்கு ஆறு வீசை. கல்யாணத்துக்கு முன்னால் நாலரை மணங்கு நெல் மூட்டை ஒன்றை வண்டியிலிருந்து இறக்கியிருக்கிறேன். இன்னும் இரண்டு வீசைதானே என்று கணக்குப் போட்டேன். வாழ்க்கையில் நான் பயப்படாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

குனிந்தேன். மார்போடு அணைத்தேன். முட்டியால் எழுந்தேன். பாதி வரை எழுந்திருப்பேன். என் இடுப்பில் காய்ந்த தென்னை மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நான் தரையில், பாய் என் மேல்.

"தம்பி. உசுரோட இருக்கியா?"

"தெரியல பாய்."

"பேசறியே, அப்ப இருக்க. இன்னா தைரியத்துல தனியா தூக்கின?"

"புஸ்தகத்தப் பாத்தேன் பாய். நாலு மணங்கு ஆறு வீசைன்னு இருந்திச்சி."

அவர் வயிறு குலுங்கியது. அந்தக் குலுக்கல் முழுக்க என் மேல் இறங்கியது. "யா அல்லா! அத எழுதினது யாரு?"

"நான்தான்."

"நீயே எழுதினத நீயே நம்பினியா? பைத்தியக்காரா, அவன் பின்னால நின்னு முட்டி குடுத்தான்டா. தொட்டிலுக்கு அடியில. தோல் மண்டில எல்லாப் பயலும் செய்ற வேலை. முப்பது வருஷம் தராசு பக்கத்துல நின்னவன் நான். என் முதுகுல அவன் முட்டி படறது எனக்குத் தெரியாதா?"

அவருக்கு அடியிலிருந்து கையை உருவப் பார்த்தேன். பேசவும் மூச்சில்லை.

"மாசாமாசம் மூணரை மணங்கு தாங்கறான்" என்றார் பாய். குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா சங்கடப்படுவான். சொல்லிடாத, தோஸ்து."

கித்தான் தொட்டிலும், தினம் தினம் எண்ணிய ஓடும், சாமான் அறைத் தரையும் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவும் எட்டு மணங்கு மேலே உட்கார்ந்து அழுத்தியதால்.

அண்ணன் வந்தார். பாயைத் தனியாகவே தூக்கி நாற்காலியில் வைத்தார். "எலும்பும் காத்தும்" என்றார். பிறகு என்னைத் தூக்கினார். எனக்கும் அதே வார்த்தைதான்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சாண் அகலத்தில் தோல் பட்டை. எருமை வயிற்றுத் தோல், இரண்டு கொக்கி வைத்துத் தைத்தது. "கட்டிக்க. நிக்கலாம்." கட்டினேன். நின்றேன். இடுப்பை யாரோ இரண்டு கையால் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"உங்களுக்குண்ணே?"

"எங்கிட்ட இன்னொண்ணு கீது. தோல் ஷாப்புல எல்லாரும் கட்டுவோம். தச்சவனுக்கு ஒண்ணேமுக்கா ரூபா குடுத்தேன். ஓசி இல்ல, சொல்லிட்டேன். மெதுவா குடு."

ஓடு எண்ணிய கதையை நம்பியவன், இதையும் நம்பினேன்.

அதற்குள் கம்பவுண்டர் விஷயத்தை மிஸ்ஸம்மாவிடம் சொல்லிவிட்டார். நாலு மணங்கு ஆறு வீசை மனிதர் ஒருவர் எப்படி ஒரு எழுத்துக்காரனின் இடுப்பை முறித்தார் என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. நாளைக் காலை தன் முன்னால் மறுபடி நிறுக்க வேண்டும் என்றார். நான் படுத்தபடி யோசித்தேன். உண்மையைச் சொன்னால் பாய்க்குக் கட்டில் போகும், அண்ணனுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் பொய் எழுதியதற்கு என் வேலை போகும். விடியும்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. நானும் கொஞ்சம் உதவலாம் என்று முடிவு செய்தேன். நான் உதவ முடிவு செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு.

இப்போது அந்த ஏழு பேருக்கு வருகிறேன்.

பாயைத் தொட்டிலில் வைத்தோம். அண்ணன் பின்னால் போனார். முட்டி போக வேண்டிய இடத்துக்குப் போனது. நான் எடைக்கல் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, புத்தகத்தைத் தட்டின் விளிம்பில் வைத்து, எழுதத் தயாராவது போல முழங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டேன். என் முழங்கை அழுத்தினால் கல் கம்மியாகப் போதும். இது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்தேன். பாயைப் பார்த்தேன். அவருடைய நல்ல கை, வலது கை, சும்மா சாய்ந்துகொள்வதுபோலத் தூணில் நீட்டியிருந்த ஆணியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவரும் தன்னையே தூக்கிக்கொண்டிருந்தார்.

கம்பவுண்டர் ஒரு கல் வைத்தார். இன்னொன்று வைத்தார். மூன்றாவதை வைக்கப் போனவர் எடுத்துவிட்டுச் சின்னக் கற்களை வைத்தார். கோல் நேராக நின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு மணங்கு அஞ்சு வீசை."

பத்து வயசுப் பிள்ளையின் எடை அது.

மிஸ்ஸம்மா எழுந்து வந்து பாயின் வயிற்றைப் பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். அவர் தமிழ் புத்தகத்தில் படித்த தமிழ். "இந்த ஐயா மிகவும் மெலிந்துவிட்டார்" என்றார். அப்புறம் குரலை உயர்த்தி, "எல்லாரும் மூன்று அடி தள்ளி நில்லுங்கள்!" என்றார். அதட்டல் என்றால் எனக்கு ஐந்தாம் வகுப்பு வாத்தியார் ஞாபகம்தான். சொல்லி முடிப்பதற்குள் நான் துள்ளிப் பின்னால் போய்விட்டேன். முழங்கையும் போயிற்று. பாயும் பதறி ஆணியை விட்டுவிட்டார். அண்ணன் மட்டும் நகரவில்லை. அவர் நகர்ந்தால் பாய் தரையில் விழுவார்.

மூன்றரை மணங்கு தாங்கிப் பழகிய முட்டியின் மேல் ஐந்தரைக்கு மேலே இறங்கியது.

அவர் கத்தவில்லை. தொட்டிலை அணைத்தபடியே மெதுவாக இறக்கி, பாயின் கால் தரையைத் தொட்ட பிறகுதான் கையை எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். "ஒண்ணும் இல்ல" என்றார். "எலும்பும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

மிஸ்ஸம்மா மண்டியிட்டு அவர் சட்டையைத் தூக்கினார். இடுப்பில் கிழிந்த வேட்டித் துண்டு ஒன்று கயிறு மாதிரி முறுக்கிக் கட்டியிருந்தது. பட்டையின் தழும்பு, வருஷக்கணக்காகப் பட்டை இருந்த இடம், கறுப்பாக ஒரு சாண் அகலத்துக்கு ஓடியது. பட்டை இல்லை. அது என் இடுப்பில் இருந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேராக நின்றதில்லை.

வார்டு ஆட்கள் இரண்டு பேரும் நானும் சேர்ந்து அவரைத் தூக்கினோம். பாய் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில், அன்று காலையில்தான் காலியாகியிருந்த கட்டிலில், கொண்டுபோய் விட்டோம். விட்டதும் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்பாடா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த இல்லத்தில் எத்தனையோ பொய் எழுதியிருக்கிறேன், நம்பியிருக்கிறேன். ஒரே ஒரு பொய் அப்போது தேவைப்பட்டது. அது வரவில்லை. அண்ணன்தான், "பரவால்லடா எழுத்து" என்றார்.

பாயைத் திரும்ப நிறுத்தோம், யாரும் தொடாமல். எட்டு மணங்கு இரண்டு வீசை. எழுதினேன். மிஸ்ஸம்மா என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. என் வேலை உட்கார்ந்து பார்க்கிற வேலை, இடுப்பு போனாலும் ஓடும். பாயையும் அனுப்பவில்லை. அண்ணன் ஒருவர் இருந்த இடத்துக்கு இரண்டு ஆட்களை வைக்க வேண்டி வந்தது. அதனால் ரெண்டு ஆள் தூக்கு இரண்டிலிருந்து மூன்றாயிற்று. பாய் அந்தக் கட்டிலில் இன்னும் பதினான்கு மாதம் இருந்தார். அண்ணனுக்குத்தான் அங்கே வேலை இல்லாமல் போயிற்று. ஒரு மாதச் சம்பளமும் ரயில் டிக்கெட்டும் கொடுத்தார்கள். மிஸ்ஸம்மா ஸ்டேஷன் வரை வந்தார், அது உண்மை.

அவரை அழைத்துப்போக அவருடைய மருமகன் வந்திருந்தார். அண்ணனை மூன்றாம் வகுப்பில் ஏற்றி உட்கார வைத்தோம். இந்தத் தடவை நான் வாயை இறுக்கி மூடியிருந்தேன். ஜோலார்பேட்டையில் வண்டி மாற வேண்டுமே, அங்கே யார் தூக்குவார்கள், தூக்கிவிட்டு என்ன சொல்வார்கள் என்று எனக்குக் கவலை. பட்டையைக் கழற்றி ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"வெச்சிக்க" என்றார். "நான் இனிமே யாரத் தூக்கப் போறேன்? ஆனா காசு குடுத்துடு. தச்சவன் எனக்கு மச்சான் முறை, கேட்டுக்கிட்டே இருப்பான்."

மடியைத் தடவினேன். எட்டணா இருந்தது. கொடுத்தேன். எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டார்.

"மிச்சம் மணியார்டர் பண்றேண்ணே."

"பண்ணு. பயந்துகினு கெடக்காத."

வண்டி போய்விட்டது. மணியார்டர் வழியில் தொலைந்துவிடுமோ என்று ஒரு மாதம் தள்ளினேன். விலாசம் தப்பாக இருக்குமோ என்று இன்னொரு மாதம். பிறகு, அனுப்பி, வாங்க ஆள் இல்லை என்று எழுதித் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. அந்தப் பயம் போகவேயில்லை. பட்டை இன்னும் கட்டியிருக்கிறேன். கொக்கி ஒன்று மட்டும் மாற்றினேன். அவருக்கு நான் தர வேண்டியது ஒரு ரூபாய் நாலணா.